உள்ரூமில் உட்கார மாட்டேன்

பிரபு,

‘அன்புள்ள மகனுக்கு’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை, அது எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. ஆனால் இன்றைக்கு எனக்கு உன்மேல் இருப்பது கோபம். முதலில் அதைப் பேசி முடித்துவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரத்தோடு வந்து, என் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். நீ அப்படி உட்கார்ந்தாலே ஏதோ கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கிரிக்கெட் பேட் கேட்டதும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான். கல்யாணத்தில் பாத பூஜைக்கு அப்பாவும் நானும் மணவறையில் உட்கார வேண்டாம், சித்தப்பாவும் சித்தியும் உட்காரட்டும் என்றாய். “உனக்குத்தாம்மா கஷ்டம். அவ்ளோ நேரம் புகையில, அத்தன பேர் முன்னாடி எப்படி உக்காருவ? நீ உள்ரூம்ல ஃபேன் போட்டுக்கிட்டு ரெஸ்ட் எடு. போட்டோவுக்கு மட்டும் வந்தாப் போதும். யாராச்சும் கேட்டா மூட்டுவலின்னு சொல்லிக்கலாம்.” இவ்வளவையும் என் முகத்தைப் பார்க்காமல், நூல் பாபினைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாய்.

நான் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். சரி, அம்மா ஒத்துக்கொண்டாள் என்று எழுந்து போய்விட்டாய். ஏன்டா, தையல் மெஷின் சத்தத்திலேயே வளர்ந்தவன் நீ. நான் கோபம் வந்தால்தான் அவ்வளவு வேகமாகத் தைப்பேன் என்பதுகூட உனக்குத் தெரியாதா? அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. கை ஒரு பக்கம் கோணிக்கொண்டு போயிருந்தது.

வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய். “அம்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல” என்பாய். ஆபீஸில் மீட்டிங்கில் பேசிப் பேசி உனக்கு அது நன்றாக வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் தமிழில். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஊர் ஸ்கூலில் கன்னடமும் இங்கிலீஷும் படித்த பிள்ளை நீ. உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. யாரையாவது வைத்து வாசிக்கக் கேட்டுக்கொள். அப்பாவிடம் போகாதே, அவர் வாசிக்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். போனில் போட்டோ எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் பார்க்காதே, என் கோழிக் கிறுக்கலை உன் போன் வாசிக்காது. யார் வாசித்தாலும் சரி, நாலு பேர் காதில் விழுந்தாலும் சரி, எனக்கு ஒன்றும் இல்லை. ஒளித்துப் பேசியது போதும்.

இது நிச்சயதார்த்தத்தன்றே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். லிங்கராஜபுரத்தில் நித்யா வீட்டு ஹாலில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வந்த உடனே சம்பந்தியம்மா ஒரு கிண்ணம் சுண்டலைக் கையில் கொடுத்து, “நீங்க சாப்பிட்டே ஆகணும், நானே தாளிச்சேன்” என்று பக்கத்திலேயே நின்றார். சுண்டல் எனக்கு ஆகாது. ஆனால் மனுஷி அவ்வளவு ஆசையாகக் கொடுக்கும்போது எப்படி வேண்டாம் என்பது? தின்றேன். ஐயர் லக்ன பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார். ஹால் முழுக்க அமைதி. அப்போதுதான் என் வயிற்றின்மேல் இருக்கிற பை சத்தம் போட்டது. சின்னச் சத்தம் இல்லை, நல்ல சத்தம். மற்றவர்கள் மாதிரி அடக்கிக்கொள்ள எனக்கு வழி இல்லை என்பது உனக்குத் தெரியும். பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே வைத்து, அதன்மேல் பையை ஒட்டியிருக்கிறார்கள். அதில் எதைக் கொண்டு அடக்குவது?

நித்யாவின் மாமா, அந்தக் கிருஷ்ணகிரிக்காரர், தமாஷான ஆள், “யாருப்பா அது, ஐயர் முடிக்கறதுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்றது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ‘நான்தாங்க, என் வண்டி அப்படித்தான்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டு, “சாரி மாமா, என் போன் வைப்ரேட் ஆச்சு” என்றாய். ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைக் காப்பாற்றினான் பிள்ளை என்று நினைத்தேன். அப்புறம் உன் காது சிவந்திருந்ததைப் பார்த்தேன். திரும்பி வரும்போது காரில் கண்ணாடியை இறக்கிவிட்டாய். ஒரு வாசனையும் இல்லை, பிரபு. நான் பாத்ரூம் போய் எல்லாம் சரி பண்ணிக்கொண்டுதான் ஏறினேன். அடுகோடியில் நம் வீடு வருகிற வரைக்கும் நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாய். உன் அப்பாதான் பாவம், “சுண்டல் நல்லாருந்துச்சு இல்ல?” என்று எதையோ பேசப் பார்த்தார்.

அதென்ன மூட்டுவலி? பொய் சொல்வதற்குக்கூட கௌரவமான வியாதியாகப் பார்த்து எடுத்திருக்கிறாய். சுகர், பிரஷர், மூட்டுவலி எல்லாம் பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டே பேசலாம். ‘உங்களுக்கு எவ்ளோ, எனக்கு இவ்ளோ’ என்று போட்டி போட்டுப் பேசுவார்கள். குடல் என்று ஆரம்பித்தால் மட்டும் இலையை நகர்த்திக்கொள்வார்கள். ஊரில் யாருக்கும் குடலே இல்லாத மாதிரி! தின்றது எல்லாம் பின்னே ஆவியாகவா போகிறது?

இந்தக் கௌரவத்தால் நான் பட்டது உனக்கு முழுசாகத் தெரியாது, அதையும் கேள். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. அப்போது ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸில் வேலை. சட்டைக்குக் காலர் வைப்பேன். நாள் முழுக்க காலர், காலர், காலர். பக்கத்து மெஷின் செல்வியிடம் சொன்னேன். “சூடுக்கா. காலைலேர்ந்து மெஷின்ல உக்காந்தா சூடு ஏறாம என்ன ஆகும்? வெந்தயம் ஊறவெச்சுக் குடி” என்றாள். உன் அப்பாவிடம் சொன்னேன், அவரும் சூடு என்று இளநீர் வாங்கி வந்தார். சூப்பர்வைசர் கன்னடக்காரர், அவரும் “உஷ்ணா அம்மா, மஜ்ஜிகே குடி” என்று மோர் குடிக்கச் சொன்னார். தெருவே சேர்ந்து எனக்குச் சூடு என்று முடிவு பண்ணிவிட்டது. கண் எரிந்தால் சூடு, முகத்தில் பரு வந்தால் சூடு, ரத்தம் ரத்தமாகப் போனாலும் சூடு! சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மோராகக் குடித்தேன். ரத்தம் அதுபாட்டுக்குப் போனது. அப்புறம் மூலம் பௌத்திரம் என்று போர்டு மாட்டியிருந்த ஒருத்தர் பார்க்காமலேயே மூலம் என்றார். அவர் கொடுத்த லேகியத்தை வருஷக்கணக்கில் தின்றேன். அவர் பார்க்காததில் எனக்கும் நிம்மதிதான், காட்ட வெட்கம். நான் பண்ணின முட்டாள்தனம் அது. அதற்காக இங்கே உட்கார்ந்து அழப் போவதில்லை. கூட இருந்த அத்தனை பேரும் சேர்ந்து பண்ணின முட்டாள்தனத்தில் என் பங்கு அது, அவ்வளவுதான்.

கார்மென்ட்ஸில் பாத்ரூம் போகவேண்டும் என்றால் டோக்கன். லைனுக்கு ஒன்று, சிவப்புப் பெயிண்ட் அடித்த மரத்துண்டு, சூப்பர்வைசர் மேஜையில் ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி போனால் அவள் திரும்பி வருகிற வரைக்கும் அடுத்தவள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். எனக்கோ வயிறு முறுக்கி, இதோ என்றால் இதோ என்று வந்துவிடும். “ஏனம்மா, மத்தே ஹோக்தீயா?” என்று அந்த ஆள் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார், மறுபடியும் போகிறாயா என்று. போய்விட்டு வந்தால் என் பக்கத்தில் காலர் இல்லாத சட்டைகள் குவிந்து கிடக்கும், பின்னால் இருக்கிறவள் முறைப்பாள். என்ன பண்ணினேன் தெரியுமா? காலையில் சாப்பிடுவதை விட்டேன். தண்ணீர் குடிப்பதை விட்டேன். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் வராதே என்ற அறிவு. ஆனாலும் வந்தது, ரத்தமும் சளியுமாக. ஒரு நாள் மெஷின்மேலேயே மயங்கி விழுந்தேன். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு லேடி டாக்டர், உன் இப்போதைய வயதுதான் இருக்கும், ஸ்கோப் போட்டுப் பார்த்துவிட்டு அல்சரேடிவ் கொலைடிஸ் என்றாள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழி தவறிப் போய்க் குடலைப் புண்ணாக்குகிறதாம். ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். முழுசாகப் போகாது, மாத்திரையால் அடக்கி வைத்துக்கொண்டு வாழவேண்டும் என்றாள். “சூடு இல்லீங்களா டாக்டர்?” என்று கேட்டேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இவ்ளோ வருஷமா சூடுன்னு நெனச்சுக்கிட்டா இருந்தீங்க?” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் கேட்ட விதத்தில் எனக்கு அந்தச் செல்விமேல், லேகியக்காரன்மேல், உன் அப்பாமேல், என்மேல், எல்லோர்மேலும் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம்தான் இன்னும் இருக்கிறது. நீ அதன்மேல் எண்ணெய் ஊற்றிவிட்டாய்.

அப்புறம் மாத்திரை காலம். ஸ்டீராய்டு தின்று முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. தெருவில், “கார்மென்ட்ஸ விட்ட பின்னாடி நல்லா சதை போட்டுட்ட” என்றார்கள். கொஞ்ச நாள் அடங்கும், இனி இல்லை என்று நினைப்பேன், திரும்ப வரும். எந்தப் பக்கம் போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வேன். உன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வரவில்லை என்று நீ ஒரு வாரம் பேசாமல் இருந்தாயே, நான் வந்தேன்டா. கேட் வரைக்கும் வந்தேன். வாட்ச்மேனிடம் பாத்ரூம் கேட்டேன், பேரன்ட்ஸுக்குக் கிடையாது என்றான். திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ ஆறாவது படிக்கும்போது, ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தாய். திரும்பி வரும்போது டெய்ரி சர்க்கிள் பக்கத்தில் பஸ் நின்றது நின்றதுதான், முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. கண்டக்டரிடம் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஸ்டாப்பில்தான் திறப்பேன் என்றார். அதற்குள் ஆகிவிட்டது. சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியாமல், அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், சீட்டைப் பார்த்தாய். உன் ஸ்கூல் ஸ்வெட்டரைக் கழற்றி என் இடுப்பில் சுற்றி, கையிரண்டையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாய். இறங்கி வீடு வரைக்கும் நடந்தோம். “நீ முன்னாடி நடம்மா, நான் பின்னாடியே ஒட்டி வரேன், யாருக்கும் தெரியாது” என்றாய். தோளில் ஆடுகிற ஸ்கூல் பையைப் பிடித்துக்கொண்டு என் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தாய். மறுநாள் ஸ்வெட்டர் இல்லாமல் குளிரில் ப்ரேயரில் நின்று மிஸ்ஸிடம் திட்டு வாங்கினாய். எங்கே ஸ்வெட்டர் என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்று சொன்னாயாம்.

அந்தப் பிள்ளை எங்கேடா போனான்? அன்றைக்கு நீ மறைத்தது என் புடவையில் இருந்த கறையை. இன்றைக்கு என்னையே மறைக்கப் பார்க்கிறாய். ரெண்டும் ஒன்று என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது. இல்லை. ஆறாவது படித்தவனுக்குத் தெரிந்தது கைநிறையச் சம்பாதிக்கிறவனுக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல.

நீ பியூசி முடித்து இன்ஜினியரிங் சேருகிற வருஷம் எந்த மாத்திரைக்கும் அடங்காமல் போய், ஆபரேஷன் பண்ணிப் பெருங்குடலை எடுத்தார்கள். கண் விழித்து, வயிற்றில் சிவப்பாக, ஈரமாக, ரோஜா மொட்டு மாதிரி ஒன்று வெளியே இருப்பதையும், அதன்மேல் பை ஒட்டியிருப்பதையும் பார்த்து, செத்திருக்கலாம் என்று நினைத்தேன். நீ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்லம்மா, பேன்ட் பாக்கெட் மாதிரிதான் இருக்கு” என்றாய். சிரித்தால் தையல் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தேன். உன் அப்பா என்ன பண்ணினார் தெரியுமா? பையை ஒட்டுவதற்கு முன்னால் அதில் அளவாக வட்டம் வெட்ட வேண்டும். பெரிசாக வெட்டினால் தோல் வெந்துவிடும். அவர் லேத் பட்டறையிலிருந்து வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து என் வயிற்றை அளந்தார். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்ன சிஸ்டர், பேரிங் மாட்டறதுன்னா அளவு வேணாமா?” என்றார். இன்று வரைக்கும் எனக்கு வெட்டிக் கொடுப்பவர் அவர்தான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அந்த மனுஷனையும் சேர்த்து மணவறையை விட்டு இறங்கச் சொல்கிறாய், எனக்காக அவர் கால் கழுவப்படாமல் போக வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு அவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “நீ உக்காரலன்னா நான் மண்டபத்துக்கே வரல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் எழுந்து போய் எனக்கு டீ போட்டார், சர்க்கரை போட மறந்துவிட்டார்.

இந்தப் பையைப் பார்த்து நீ கூசுகிறாய். நான் கூசவில்லை. இது வந்த பிறகுதான்டா நான் மனுஷியானேன். குடல் இருந்தவரை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாதவள், பை வைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் கிரிவலம் சுற்றினேன். பஸ் எங்கே நின்றாலும் நிற்கட்டும் என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். நம் வீட்டில் உட்கார்ந்து இந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துத்தான் உன் இன்ஜினியரிங்கை முடித்தோம். ஆமாம், வெயில் நாளில் தண்ணீர் குறைந்தால் தலை சுற்றும். தோல் அரிக்கும். சில நாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், தட்டைக் கழுவக்கூட எழுந்திருக்க முடியாது. எப்போதாவது ஒட்டினது விட்டுப்போய் ஒழுகும், படுக்கையெல்லாம் துவைக்கணும். இதெல்லாம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது எப்போது என்று இப்போது எனக்குத் தெரியும். ஓரமாகப் போய்க் காலி பண்ணிவிட்டு வந்து உட்காரத் தெரியும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட வேண்டும், என்ன சாப்பிடக் கூடாது என்று தெரியும். சுண்டலை யார் தாளித்தாலும் வேண்டாம் என்று சொல்லவும் இனித் தெரியும். நீ எனக்குக் கஷ்டம் என்று சொல்வதற்கு முன்னால், கஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

கேட்கவில்லை, ஏனென்றால் என் கஷ்டம் உனக்குப் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமையே வாசலில் ஷூ மாட்டும்போது உண்மையைச் சொல்லிவிட்டாய். “கல்யாணம் ஆகற வரைக்கும்தாம்மா. அவங்க வீட்ல தெரிஞ்சா இது ஜீன்ல வருமான்னு கேப்பாங்க. அப்பறம் எல்லாம் குழப்பம் ஆயிடும்.” கேட்கட்டுமே! கேட்க வேண்டியதுதானே? ரத்த சொந்தத்துக்கு வர மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை என்று டாக்டர் உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே சொன்னார்? அதையே அவர்களிடம் சொல். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரிய வேண்டாமா? தாலி கட்டின பிறகு சொல்லலாம் என்றால் அதற்குப் பெயர் என்ன? நான் ஏதோ வேண்டாத சாமான் மாதிரி, கல்யாணம் முடிகிற வரைக்கும் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டு அப்புறம் இறக்கிக்கொள்வதா?

புதன்கிழமை நித்யா வந்தாள். முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க. டேப்பை அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தபோது என் பை சத்தம் போட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். “ஆன்ட்டி, அன்னிக்கு எங்க வீட்லயும் இதே சத்தம்தானே கேட்டுச்சு?” என்றாள். கெட்டிக்காரி. ‘இல்லம்மா, போன்’ என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? உனக்கு அதுதானே வேண்டும்? நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை ஒதுக்கிக் காட்டினேன்.

அந்தப் பெண் ஒன்றும் தெய்வம் இல்லை, நானும் அப்படிக் கதை விடப் போவதில்லை. முகம் மாறியது. ஒரு எட்டு பின்னால் போனாள். “ஸ்மெல் வருமா?” என்று பட்டென்று கேட்டாள். திறந்தால் வரும், மூடியிருந்தால் வராது என்றேன். “வலிக்குமா?” என்றாள். இல்லை என்றேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். எப்படி வந்தது, என்ன சாப்பிடுவீர்கள், எப்படிக் குளிப்பீர்கள், பிள்ளைகளுக்கு வருமா. எல்லாவற்றுக்கும் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். மணவறையில் சித்தி உட்காரப் போவதையும், மூட்டுவலியையும் சொன்னேன். அதை மறைத்து, உன்னை நல்லவனாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், “அத்தை, எனக்கு இந்தப் பையப் பாத்துப் பயமில்ல. பழகிடும். அவரப் பாத்துதான் பயமா இருக்கு. பெத்த அம்மாவையே உள்ரூம்ல வெக்கறாரு. நாளைக்கு எனக்கு ஏதாச்சும் வந்தா, என்ன எங்க வெப்பாரு?”

அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று வக்காலத்து வாங்க வாய் துறுதுறுத்தது. ஸ்வெட்டர் கதையைச் சொல்லலாமா என்றும் பார்த்தேன். சொல்லவில்லை. பழைய ஸ்வெட்டரைக் காட்டி உனக்குப் பெண் வாங்கித் தர நான் தயாராக இல்லை. “அவன்கிட்டயே கேளு” என்றேன். “எப்படி அத்தை கேக்கறது? நீங்க சொன்னீங்கன்னு உங்ககூட சண்டைக்கு வருவாரு” என்றாள். “கேக்கறதுக்கு நான் வழி பண்றேன், நீ ஜாக்கெட் கை எவ்ளோ நீளம் வேணும்னு சொல்லு” என்றேன். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே போதும் என்றாள். போகும்போது, தெரு முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே, “அத்தை, மண்டபத்துல பாத்ரூம் மேடைக்குப் பக்கத்துல இருக்கான்னு நான் பாத்து வெக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். உனக்கு இது ஏன்டா தோன்றவில்லை?

நான் என்ன பண்ணப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்மென்ட்ஸில் இருந்தவள் இல்லையா, என் ஒவ்வொரு புடவைக்கும் பைக்கு உறை தைத்து வைத்திருக்கிறேன், தெரியும் உனக்கு. முகூர்த்தத்துக்கு எனக்கு எடுத்த அரக்குப் பட்டில் ஜாக்கெட் தைத்தது போக மிச்சம் இருந்தது. நேற்று அதில் உறை தைத்தேன். உள்ளே லைனிங் கொடுத்து, ஓரத்தில் ஜரிகை வருகிற மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு, உன் அப்பா பக்கத்தில் மணவறையில் உட்காருவேன். சத்தம் வந்தால் வரட்டும், நாதஸ்வரக்காரர் பார்த்துக்கொள்வார். அந்தக் கிருஷ்ணகிரி மாமா கேட்டால், நான்தான் என்று கை தூக்குவேன். என் கால் தாம்பாளத்தில் இருக்கும். குனிந்து கழுவுவதா வேண்டாமா என்பது உன் பாடு. சித்தியைக் கூப்பிட்டு வைத்திருந்தால் அவளிடம் நீயே போய் வேண்டாம் என்று சொல்லிக்கொள், அந்த வேலையை என் தலையில் கட்டாதே.

இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதினது இல்லை. கை வலிக்கிறது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதோடு முடித்துக்கொள்கிறேன். உன்னால் இதை வாசிக்க முடியாது. அப்பா வாசிக்க மாட்டார். சித்தியிடம் எடுத்துக்கொண்டு போக உனக்கு முகம் இல்லை. ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் ஒருத்தனும் கிடையாது என்று நீதான் அலுத்துக்கொள்வாய். அப்புறம் யார் இருக்கிறார்கள்? ஓசூரில் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள் ஒருத்திதான். அம்மா ஏதோ புத்திமதி எழுதியிருப்பாள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அவள் கையில் கொடுத்திருப்பாய்.

நித்யா, ஒரு வரியும் விடாமல் இதுவரைக்கும் வாசித்தாயே, போதும்மா. அவன் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், இல்லையென்றால் போனை எடுத்திருப்பான். போனை வாங்கி வைத்துவிடு. புதன்கிழமை என்னைக் கேட்டாயே ஒரு கேள்வி, அதை அவன் முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் கேள். அவன் பதில் சொல்கிற வரைக்கும் உன் ஜாக்கெட்டுக்கு நான் கை வைக்கப் போவதில்லை.

அம்மா